முதலில் வணக்கம், அப்புறம்தான் வழி

தென்னாப்பிரிக்காவில், கேப்டவுனில் இரண்டு வருஷம் வேலை பார்த்தபின் டர்பனுக்கு மாற்றல் வந்தது. கட்டில், பீரோ எல்லாம் லாரியில் போய்விட்டன, பைக்கை மட்டும் ஏற்றிவிட மனசு வரவில்லை. பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், சென்னைக்குப் பக்கத்தில் செய்து கப்பலேறி வந்தது, நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கடலோர நெடுஞ்சாலையைப் பிடித்தால் மூன்று நாளில் டர்பன் போய்விடலாம். நான் உள்நாட்டு வழியாக, கரூ வறட்டுநிலம், ஃப்ரீ ஸ்டேட் மாகாண மலையடிவாரம் என்று சுற்றிக்கொண்டு போக முடிவு செய்தேன், கிட்டத்தட்ட 1,900 கிலோமீட்டர். "தனியாகவா? யார் கை காட்டினாலும் நிற்காதே, எங்கேயும் இறங்காதே" என்று ஆபீஸில் சொல்லாத ஆள் இல்லை. அந்தப் பயத்தை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். ஒவ்வொரு நாளும் ராத்திரி எழுதியது இது.

ஏப்ரல் 8, 2025, செவ்வாய் – கேப்டவுன், பாரிடேல்

காலையில் கேப்டவுனில் தூறல். மலைக்கு அந்தப் பக்கம் போக குகைப்பாதை இருக்கிறது, நான் பழைய டு டுவாஸ்க்லூஃப் கணவாய் வழியாக ஏறி இறங்கினேன், மேலே போனதும் மழை நின்று வெயில். வூஸ்டர், ராபர்ட்சன் வரை திராட்சைத் தோட்டம்தான், அறுவடை முடிந்து இலை சிவக்க ஆரம்பித்திருக்கிறது. மான்டகு ஊருக்கு முன்னால் பாறையைக் குடைந்து ஒரு சின்ன வாசல், 1870களில் தாமஸ் பெய்ன் என்ற சாலைப் பொறியாளர் செய்தது. அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் ஈரம் போய்விடுகிறது, காற்றில் வேறு வாசனை, காய்ந்த செடி வாசனை.

இங்கேயும் நம்மூர் மாதிரி இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் கஷ்டம் இல்லை. ஆனால் ரோட்டு நாகரிகம் வேறு. முன்னால் மெதுவாகப் போகிற வண்டி, பின்னால் நம்மைப் பார்த்ததுமே ஓரத்து மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒதுங்கி வழி விடுகிறது. முந்திப் போனவர் இரண்டு பக்க இண்டிகேட்டரையும் இரண்டு தடவை மின்ன விட்டு நன்றி சொல்வார், பின்னால் இருப்பவர் ஹெட்லைட் அடித்து "பரவாயில்லை" என்பார். பைக்காரர்கள் அதற்குக் காலை நீட்டுவார்கள். நானும் நீட்டினேன். ஒரு மாட்டு லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கை ஆட்டிவிட்டுப் போனார்.

பாரிடேலில் ஒரு வீட்டுப் பின்கட்டு அறை, 480 ராண்ட் (அப்போது ஒரு ராண்ட் கிட்டத்தட்ட நாலரை ரூபாய்). ராத்திரி கரியடுப்புக் கம்பி மேல் சுட்ட ரூஸ்டர்கூக் என்ற ரொட்டி, நடுவில் பிளந்து பாலாடைக்கட்டியும் ஆப்ரிகாட் ஜாமும். வெளியே மொறுமொறு, உள்ளே நம் பன் மாதிரி. மூன்று தின்றேன்.

ஏப்ரல் 9, புதன் – லேடிஸ்மித், அவுட்ஸ்ஹூர்ன்

லேடிஸ்மித் ஊருக்குப் பின்னால் ஒரு சிகரம் நடுவில் பிளந்து நிற்கிறது, சூனியக்காரி ஒருத்தி கோலால் தட்டிப் பிளந்தாள் என்று கதை. டீக்கடையில் எனக்குக் காபி ஊற்றிய அம்மாவைப் பக்கத்து மேஜைப் பையன் "டன்னி" என்று கூப்பிட்டான். சொந்தமா என்றேன். இல்லையாம், ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்களுக்கு வயதில் மூத்த பெண் எல்லோரும் டன்னி, ஆண் எல்லோரும் ஊம், அதாவது அத்தை, மாமா. அதைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. தெரியாத ஆளை மாமா என்று கூப்பிடுகிற ஊரில் எப்படிப் பழக வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

அவுட்ஸ்ஹூர்ன் தீக்கோழி ஊர். நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பியப் பெண்கள் தொப்பியில் தீக்கோழி இறகு வைத்துக்கொண்ட காலத்தில், இந்த நாட்டு ஏற்றுமதியில் தங்கம், வைரம், கம்பளிக்கு அடுத்து இறகுதானாம். அந்தப் பணத்தில் கட்டிய மாளிகைகள் இன்னும் இருக்கின்றன. மோட்டார் கார் வந்தது, பெரிய தொப்பியோடு அதில் உட்கார முடியவில்லை, 1914இல் போரும் வந்தது, வியாபாரம் படுத்துவிட்டது. ராத்திரிச் சாப்பாடு தீக்கோழி ஸ்டேக், 190 ராண்ட், பார்க்கவும் மெல்லவும் மாட்டுக்கறி மாதிரி, கொழுப்பே இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன் – ஸ்வார்ட்பெர்க் கணவாய்

இந்தப் பயணத்தையே இதற்காகத்தான் போட்டேன். அவுட்ஸ்ஹூர்னிலிருந்து பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கு எழுபது கிலோமீட்டர் சொச்சம், அதில் மலை மேல் தார் கிடையாது, முழுக்க சரளை ரோடு. முந்தாநாள் சொன்ன அதே தாமஸ் பெய்ன், கைதிகளை வைத்துக் கட்டி 1888இல் திறந்த பாதை. சிமென்ட் இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிக் கட்டிய தாங்குசுவர், 137 வருஷமாக அப்படியே நிற்கிறது. கீழே ஒரு திருப்பத்தில் பைக்கை நிறுத்தி அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லின் பள்ளத்துக்குத் தக்கபடி பார்த்து வைத்தது, விரல் நகம் நுழைகிற சந்து இருக்கிறது, அசைத்தால் அசையவில்லை. பொறியாளர் பெயர் ஊர் முழுக்க எழுதியிருக்கிறது. இந்தக் கல்லைத் தூக்கி வைத்த கைதிகளின் பெயர் எனக்கு எங்கேயும் அகப்படவில்லை.

ஏறும்போது முதல் கியர், இரண்டாம் கியர்தான். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன், இல்லாவிட்டால் தகரக் கூரை மேல் ஓட்டுகிற மாதிரி வரிவரியாக இருக்கிற ரோடு கையை உதறி எடுத்துவிடும். உச்சி 1,500 மீட்டருக்கு மேல், காற்று ஹெல்மெட்டைப் பிடுங்குகிறது. அந்தப் பக்கம் கொண்டை ஊசி வளைவுகள், அப்புறம் சிவப்புப் பாறை மடிமடியாக, யாரோ சேலையைக் கசக்கிப் போட்ட மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கிறது. இறங்க ஒன்றரை மணி நேரம் ஆனது, பாதி நேரம் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்தவை மூன்றே மூன்று வண்டி. மூன்றும் நிறுத்தி "நலமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தன.

பிரின்ஸ் ஆல்பர்ட்டில் தெருவோரம் வாய்க்கால் ஓடுகிறது, வீட்டுக்கு வீடு முறை வைத்து மடை திறந்து தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். எங்கள் ஊரில் முறைத்தண்ணீருக்குச் சண்டை வரும். இங்கேயும் வருமா என்று விடுதிக்கார ஊமிடம் கேட்டேன், "வராமல்?" என்று சிரித்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி – கிராஃப் ரெய்னெட்

380 கிலோமீட்டர். போஃபர்ட் வெஸ்டில் பெட்ரோல், லிட்டர் 21 ராண்டை ஒட்டி. விலையை அரசாங்கம்தான் நிர்ணயிக்கிறது, மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். பங்க்கில் நாமே போட்டுக்கொள்ள விடமாட்டார்கள், ஆள் வந்து போடுவார், ஐந்து ராண்ட் கையில் கொடுப்பது வழக்கம். உலகத்தில் முதன்முதலாக மனிதருக்கு இதயம் மாற்றி வைத்த கிறிஸ்டியான் பர்னார்ட் பிறந்த ஊர் இது. 1967இல் நடந்த விஷயம், எங்கள் தாத்தா அந்தப் பேப்பரை வெட்டி வைத்திருந்தார், அதற்காகவே நின்று ஒரு போட்டோ எடுத்தேன்.

அங்கிருந்து அபர்டீன் வரை கரூவின் நடுநெஞ்சு. கம்பி வேலி, காற்றாடிப் பம்பு, முழங்கால் உயரச் செடி, தூரத்தில் தட்டைத் தலை மலை. இருபது நிமிஷம் ஓட்டினாலும் படம் மாறாது. அப்படியிருக்க திடீரென்று ரோடு வேலை, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. ஆரஞ்சு சட்டை போட்ட ஒரு பெண் சிவப்புக் கொடியோடு நிற்கிறாள். நான் ஹெல்மெட்டைத் தூக்கி, "எத்தனை நிமிஷம் ஆகும்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "மோலோ, பூட்டி" என்றாள், வணக்கம் அண்ணா என்று அர்த்தம். பேசாமல் நின்றாள். எனக்கு உறைக்க இரண்டு விநாடி ஆனது. "மோலோ" என்றேன். "எப்படி இருக்கிறாய்?" என்றாள். நன்றாக இருக்கிறேன், நீ? அவளும் நன்றாக இருக்கிறாளாம், வெயில்தான் தாங்கவில்லையாம். "பதினைந்து நிமிஷம்" என்று அப்புறம்தான் சொன்னாள். கோபமே இல்லை, குழந்தைக்கு செருப்பு மாற்றிப் போட்டுவிடுகிற மாதிரி திருத்தினாள். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் ஹோசா மொழியில் பெரியவர் என்றால் டாட்டா, அம்மா வயதுக்கு மாமா (நம் மாமா இல்லை, அம்மாதான்) என்று சொல்லிக் கொடுத்தாள். என்னிடம் இருந்த ஆரஞ்சுப் பழம் இரண்டில் ஒன்று அவளுக்கு. கொடி பச்சை ஆனதும் "மெதுவாகப் போ, சாயங்காலம் குடூ மான் ரோட்டுக்கு வரும்" என்றாள்.

வந்தது. ஊருக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால், முறுக்குக் கொம்போடு, குதிரை உயரம். நின்று, பார்த்து, வேலியை ஒரே தாவில் தாண்டிப் போனது. அறுபதில்தான் போய்க்கொண்டிருந்தேன், அவள் சொல்லாவிட்டால் நூறில் போயிருப்பேன்.

ராத்திரி கரூ ஆட்டுக்கறி, 185 ராண்ட். இந்தச் செடியைத் தின்று வளர்கிற ஆட்டுக்கு மசாலா வேண்டாம் என்கிறார்கள். உப்பு மட்டும்தான் போட்டிருந்தார்கள், கறியிலேயே மூலிகை வாசனை. மசாலா இல்லாமல் கறி தின்று ருசித்தது எனக்கு இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 12, 13 – நியூ பெதஸ்டா

ஐம்பது கிலோமீட்டர்தான். பெட்ரோல் பங்க் கிடையாது, தெருவிளக்கு கிடையாது. ஹெலன் மார்டின்ஸ் என்ற பெண்மணி தன் வீட்டுச் சுவரெல்லாம் கண்ணாடித் தூளைப் பதித்து, பின்கட்டில் சிமென்டில் ஆந்தை, ஒட்டகம், யாத்திரீகர்கள் என்று முன்னூறுக்கும் மேல் சிலை செய்ய வைத்தார். செய்து கொடுத்தவர் கூஸ் மல்காஸ், ஆடு மயிர் கத்தரிக்கும் தொழிலாளி. கண்ணாடித் தூள் கண்ணைக் கெடுத்து, 1976இல் அந்த அம்மாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கம்பியை வளைத்து "இதுதான் என் உலகம்" என்று எழுதியிருக்கிறது. எல்லா ஒட்டகமும் கிழக்கே பார்க்கிறது. நானும் கிழக்கேதான் போகிறேன். ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ராத்திரி நட்சத்திரம் பார்க்கத் தெருவில் படுத்தே பார்த்தேன், வண்டி வரும் என்ற பயமில்லை. குளிர் மட்டும் எலும்பு வரை.

ஏப்ரல் 14, திங்கள் – பஞ்சர்

சித்திரை ஒன்று. அம்மாவுக்குப் போன் போட்டு "மாங்காய்ப் பச்சடி?" என்று கேட்டதும் "இங்கே இருக்கிறது, நீ எங்கே இருக்கிறாய்?" என்றாள். எங்கே என்று சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது.

வடக்கே மண் ரோட்டில் பதினெட்டாவது கிலோமீட்டர், பின் சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது. நிறுத்தினால் டயர் தரையோடு தரை. போனில் கோடு இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆள் இல்லை, ஆபீஸில் சொன்னது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நடு ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தபோது பின்னால் புழுதி. ஒரு பக்கி, இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர். பக்கத்தில் வந்து நின்று இஞ்சினை அணைத்தது. கையில் ஸ்பானரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அறுபது வயதுக்கு மேல் ஒரு வெள்ளைக்கார விவசாயி இறங்கித் தொப்பியைக் கழற்றினார். "மோரே" என்றார், ஆஃப்ரிகான்ஸில் காலை வணக்கம். "மோரே, ஊம்" என்றேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் வரை டயரைப் பார்க்கவே இல்லை. பின்னால் திறந்த பகுதியில் ஆட்டுத் தீவன மூட்டை மேல் உட்கார்ந்திருந்த வேலைக்காரர், நாற்பது வயது இருக்கும், அதற்குள் குதித்து வந்து குந்தி டயரைச் சுற்றிக் கை ஓட்டி முள்ளைக் கண்டுபிடித்துவிட்டார். வெள்ளை முள், இரண்டு அங்குலம், நம் வேலமரத்து முள் மாதிரியே, அதற்குச் சொந்தக்கார மரம்தான்.

என்னிடம் பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், கைப்பம்பு எல்லாம் இருந்தன. டயரை நெம்பி டியூபை எடுத்தவர் அவர்தான், என் கையைவிட இரண்டு மடங்கு வேகம். ஓட்டை சன்னம், கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் டியூபைத் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு நடந்தார், நூறு அடி தள்ளி காற்றாடிப் பம்பும் அதன் கீழே சிமென்ட் தொட்டியும். டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். தலைக்கு மேல் காற்றாடி கிரீச், கிரீச், ஒவ்வொரு கிரீச்சுக்கும் குழாயில் ஒரு கை தண்ணீர். அப்புறம் குமிழி வந்தது, ஊசி முனை அளவு, ஒன்றன் பின் ஒன்றாக. எங்கள் தெரு சைக்கிள் கடையில் இரும்புச் சட்டி முன்னால் குந்தியிருந்த சின்ன வயசு அப்படியே திரும்பி வந்தது. அவர் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்தபடியே பல்லால் தீக்குச்சி கடித்து, ஈரம் துடைத்து, குச்சி முனையால் குறி போட்டார். தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி ஊதிக் காய வைத்து, பேட்ச் ஒட்டிக் கல்லால் தட்டினார். முழுக்க முக்கால் மணி நேரம்.

விவசாயி பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி, டன்னி கட்டிக் கொடுத்த ரஸ்க் நீட்டினார். உள்ளங்கை நீளம், காபியில் முக்கித்தான் தின்ன வேண்டும். வருஷப் பிறப்பு பலகாரம் எனக்கு அதுதான். பணம் வேண்டாம் என்றார். வேலை செய்தவரிடம் 150 ராண்ட் கொடுத்தேன், இரண்டு கையையும் குவித்து வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது ஒன்றைப் பார்த்தேன். விவசாயியின் நாய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தது. அந்த மனிதர் பின்னால் மூட்டை மேல் ஏறினார். யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை. எனக்கு நல்லது செய்த இரண்டு பேர், அந்த நன்றி குறையவில்லை. ஆனால் அந்த நாயும் அந்த சீட்டும் இதை எழுதும்போதும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

அலிவல் நார்த் வந்து சேர இருட்டிவிட்டது. முன்பணம் கட்டிய விடுதியில் கேட் பூட்டு, போனை எடுக்க ஆள் இல்லை. எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மோலோ, மாமா" என்று ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷத்தில் அவர் தங்கை வீட்டில் அறை, 350 ராண்ட், சோளக்களியும் கறிக்குழம்பும் சேர்த்து.

ஏப்ரல் 15, செவ்வாய் – கிளாரன்ஸ்

ஆரஞ்சு நதியைத் தாண்டி ஃப்ரீ ஸ்டேட். லெசோதோ நாட்டு எல்லையை ஒட்டிப் போகிற ரோடு, வலது பக்கம் நீல மலை அழகு, ஆனால் கண்ணைத் தூக்க முடியாது, அவ்வளவு பள்ளம். சில பள்ளத்தில் ஆட்டையே படுக்க வைக்கலாம். வாலிபப் பையன்கள் மண்வெட்டியோடு நின்று பள்ளத்தை மண் போட்டு நிரப்பிச் சில்லறை கேட்கிறார்கள், கொடுக்க வேண்டிய காசுதான். ஒன்றில் நான் விழுந்து முன் சக்கரத்தில் கம்பி தளர்ந்துவிட்டது. ஃபிக்ஸ்பர்க்கில் ஒரு பட்டறை. "டுமேலா, ந்டாடே" என்றேன், சோத்தோ மொழியில் வணக்கம் ஐயா. பழுதுபார்ப்பவர் கையைத் துடைத்துக்கொண்டு குலுக்கினார், அப்புறம் கம்பி ஒவ்வொன்றாகத் தட்டிச் சத்தம் கேட்டு முறுக்கினார், வீணைக்குச் சுருதி சேர்க்கிற மாதிரி. 120 ராண்ட்.

ஏப்ரல் 16, புதன்

நாள் பூரா மழை. கிளாரன்ஸ் சுற்றுலா ஊர், காபி 42 ராண்ட், அறை 800. பாப்லர் மரமெல்லாம் மஞ்சள். துணி காயவில்லை.

ஏப்ரல் 17, வியாழன் – மூன்று ஊர், ஒரு தம்பதி

கோல்டன் கேட் பூங்கா வழியாகக் காலை வெயிலில் வந்தேன், மணற்பாறை செங்குத்தாகத் தேன் நிறத்தில் நின்றது. கம்பளியைத் தோளில் ஊசி குத்திப் போர்த்திய ஒரு குதிரைக்காரர் பைக்குக்குப் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, கை தூக்கி, மேட்டில் ஏறிப் போனார்.

ஹாரிஸ்மித்தில் பெட்ரோல் போடும்போதுதான் பொறி தட்டியது. இந்த ஊர் ஹாரி ஸ்மித் என்ற கேப் கவர்னர் பெயர். இன்றைக்குத் தங்கப்போகிற லேடிஸ்மித் அவர் மனைவி ஹுவானா பெயர், ஸ்பெயினில் போர் நடுவே பதினாலு வயதில் அவரைக் கல்யாணம் செய்துகொண்ட பெண். இரண்டாம் நாள் பார்த்த லேடிஸ்மித்தும் அவள்தான், குழப்பம் வராமல் ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை மாற்றியிருக்கிறார்கள். அலிவல்? 1846இல் பஞ்சாபில் அவர் சீக்கியர்களை ஜெயித்த கிராமம். அந்த மனிதர் ஹோசா தலைவர்களைத் தன் பூட்ஸை முத்தமிட வைத்தவர். எனக்கு "மோலோ" சொல்லிக் கொடுத்த பெண்ணின் ஜனம். வரைபடத்தில் ஊருக்கு ஊர் இவர் பெயர் இருப்பது எனக்குச் சகிக்கவில்லை.

வான் ரீனன் கணவாயில் ஈஸ்டர் கூட்டம், லாரி லாரியாக, பிரேக் சூட்டு வாசனை. இறங்கினால் குவாசுலு-நேட்டால், காற்றில் ஈரம். லேடிஸ்மித்தில் பங்க் பெரியவரிடம் "சாவுபோனா, பாபா" என்றேன். "உன்னைப் பார்க்கிறோம்" என்று அர்த்தமாம் சுலுவில். கேட்டதும் அங்கேயே ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். ராத்திரி ஒரு டப்பாக் கடையில் மட்டன் பன்னி சௌ, ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு. பத்து நாள் கழித்து மிளகாய்! கண்ணில் தண்ணீர் வர வர தின்றேன்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஸ்டேஷனுக்குத்தான் முதலில் போனேன். 1893 ஜூன் 7 ராத்திரி காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட இடம். செங்கல் கட்டடம், சின்ன பிளாட்பாரம், நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்னது. ஏப்ரலிலேயே காலையில் இப்படிக் குளிர்கிறது, அவர் உட்கார்ந்திருந்தது ஜூன் மாதம், இங்கே அது குளிர்காலம்.

அப்புறம் லாங்கலிபலேலே தெரு (பழைய லாங்மார்க்கெட் தெரு) முருகன், மாரியம்மன் கோயில். புனித வெள்ளிதான் இங்கே தீமிதி. கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு வந்த நம் ஜனங்களுக்கு அன்றைக்குத்தான் லீவு கிடைத்தது, அதனால் அம்மனுக்கும் அதுவே நாள் என்கிறார்கள். 1860இல் மெட்ராஸிலிருந்து முதல் கப்பல் வந்தது. நாலாவது, ஐந்தாவது தலைமுறை, பேச்சு முழுக்க ஆங்கிலம். ஆனால் மஞ்சள் சேலை, வேப்பிலை, தவில், பம்பை, மேலே ஏறுகிற புகை. ஆங்கில எழுத்தில் அச்சடித்த சின்னப் புத்தகத்தைப் பார்த்து ஒரு கிழவி மாரியம்மன் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள், ஒரு எழுத்துகூடத் தவறவில்லை.

பத்து நாள் புழுதி, மழை, கையெல்லாம் செயின் எண்ணெய். அப்படியே செருப்பு விடுகிற இடத்தில் நின்றேன். வாளியோடு ஓர் அம்மா வந்தார், அறுபது வயது. வழிப்பழக்கம், வாய் தானாக "சாவுபோனா, ஆன்ட்டி" என்றது.

அவர் நின்றார். ஹெல்மெட், பை, ஜாக்கெட் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தார்.

"வணக்கம், தம்பி" என்றார். "கையைக் கழுவு. பீன்ஸ் கறி சூடாக இருக்கிறது."